தொழிற்சாலை ஏன் மூடியது? பிரெக்ஸிட் பாடம் எனக்குக் கற்றுத் தந்தது

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய பாடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வருகிறது. அதை ஒட்டி பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட் பற்றியும் பேச வேண்டியிருக்கும். பல ஆண்டுகளாக நான் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். கரும்பலகையில் 'பிரெக்ஸிட்', 'தொழிற்சாலை மூடல்', 'வேலை இழப்பு' என்று மூன்று சொற்களை எழுதி, நடுவில் இரண்டு அம்புக்குறிகள் போடுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாடம் முடிந்துவிடும்.

எங்கள் பள்ளியைச் சுற்றி நிறைய உதிரிபாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பாதி மாணவர்களின் அப்பாவோ அண்ணனோ அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வழக்கம்போல அம்புக்குறி போட்டு முடித்தபோது, கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், அங்க ஓட்டுப் போட்டதால கம்பெனிய மூடிட்டாங்கன்னு சொல்றீங்க. எங்க அப்பா வேலை பாத்த கம்பெனிய யாரும் ஓட்டுப் போடாமலே மூடிட்டாங்களே, அது ஏன்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். என்னிடம் பதில் இல்லை. "நல்ல கேள்விம்மா, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி உட்கார வைத்தேன். மணியும் அடித்துவிட்டது. அன்று மாலை முதல் பிரெக்ஸிட் பற்றி நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பையும், அதிலிருந்து உருவான இரண்டு வகுப்பறைச் செயல்பாடுகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நாம் தெளிவாக வேண்டியவை

பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1993இல் ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேற வேண்டும் என்றும், 48.1 சதவீதம் பேர் நீடிக்க வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் சட்டப்படி வெளியேறியது. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை பழைய வணிக விதிகளே தொடர்ந்தன. 2021 ஜனவரி 1 முதல்தான் புதிய வணிக ஒப்பந்தம் செயல்பாட்டுக்கு வந்தது. வாக்களித்த நாளுக்கும் விதிகள் மாறிய நாளுக்கும் இடையே நான்கரை ஆண்டுகள் இருக்கின்றன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

இரண்டு சொற்களை நானே குழப்பிக்கொண்டிருந்தேன். சுங்க ஒன்றியம் என்றால், உறுப்பு நாடுகளுக்குள் சரக்குகளுக்குச் சுங்க வரி கிடையாது. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி விதிப்பார்கள். ஒற்றைச் சந்தை என்பது அதைவிட ஒரு படி மேலே. பொருளின் தரம், பாதுகாப்பு பற்றிய விதிகளும் பொதுவாக இருக்கும். அதனால் எல்லையில் நிறுத்திச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் மாநிலத்திலிருந்து கர்நாடகத்துக்கு ஒரு லாரி போவதுபோல, இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது.

புதிய ஒப்பந்தத்தின்படி, விதிகளை நிறைவு செய்யும் சரக்குகளுக்குப் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே இப்போதும் சுங்க வரி இல்லை. ஆனால் ஒற்றைச் சந்தை போய்விட்டது. சுங்க அறிவிப்பு, பிறப்பிடச் சான்று, சோதனை என எல்லாம் வந்துவிட்டன. "வரியே இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் செயல்பாடு அதற்கான பதில்தான்.

செயல்பாடு 1: பூரிக்கட்டையின் பயணம்

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் அசைவதைச் சுழற்சியாக மாற்றும் இரும்புத் தண்டுக்குக் கிராங்க் ஷாஃப்ட் என்று பெயர். மினி காரின் கிராங்க் ஷாஃப்ட், பிரெக்ஸிட் விவாதத்தில் அடிக்கடி பேசப்பட்ட ஒரு பொருள். அது பிரான்ஸில் வார்க்கப்பட்டது. கடல் கடந்து இங்கிலாந்தின் வார்விக்ஷயர் பகுதிக்கு வந்து, அங்கே துளையிட்டுக் கடைசல் செய்யப்பட்டது. மறுபடி கடல் கடந்து ஜெர்மனியின் மியூனிக் நகரில் இன்ஜினுக்குள் பொருத்தப்பட்டது. அந்த இன்ஜின் மூன்றாவது முறையாகக் கடல் கடந்து ஆக்ஸ்ஃபோர்டு தொழிற்சாலையில் காருக்குள் ஏறியது. அந்தக் கார் ஐரோப்பாவில் விற்கப்பட்டால் அது நான்காவது பயணம்.

வீட்டிலிருந்து ஒரு பூரிக்கட்டையைக் கொண்டு போனேன். நான்கு மாணவர்களை வகுப்பின் நான்கு மூலைகளில் நிறுத்தி, பிரான்ஸ், வார்விக்ஷயர், மியூனிக், ஆக்ஸ்ஃபோர்டு என்று அட்டை மாட்டினேன். முதல் சுற்றில் பூரிக்கட்டை கை மாறிப் போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது சுற்றில் நடுவில் இரண்டு மாணவர்களைச் சுங்க அதிகாரிகளாக உட்கார வைத்தேன். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பொருள் என்ன, எங்கே செய்தது, மதிப்பு எவ்வளவு, அதில் எந்த நாட்டு மூலப்பொருள் எவ்வளவு என்று நான்கே கேள்விகள். வரி ஒரு ரூபாயும் கிடையாது. ஆனாலும் பூரிக்கட்டை ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் "டீச்சர், எவ்ளோ நேரம் சும்மா நிக்கிறது?" என்று கத்தத் தொடங்கிவிட்டான்.

அந்தக் கத்தல்தான் பாடத்தின் மையம். நவீனக் கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகங்களை மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் வந்து இறங்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள். ஸ்விண்டன் நகரில் இருந்த ஹோண்டா தொழிற்சாலைக்கு ஐரோப்பாவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 350 லாரிகள் வந்துகொண்டிருந்தன. சுங்கத்தில் 15 நிமிடம் தாமதமானாலும் ஆண்டுக்கு 8.5 லட்சம் பவுண்டு செலவு கூடும் என்று 2017இல் அந்த நிறுவனத்தின் பிரதிநிதி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

மூன்றாவது சுற்றில் ஒரு மாற்றம் செய்தேன். வார்விக்ஷயர் அட்டையை எடுத்துவிட்டு, 'ஐந்து பேர் வேலை செய்யும் லேத் பட்டறை' என்று எழுதி மாட்டினேன். முதலாளியும் அவரே, கணக்குப்பிள்ளையும் அவரே. இரண்டு படிவம் எழுதியதும் அந்த மாணவன், "எனக்கு இது வேணாம் டீச்சர், நான் உள்ளூர்லயே வித்துக்கறேன்" என்றான். நான் சொல்லிக்கொடுத்து அவன் சொல்லவில்லை. ஆனால் உண்மையிலும் அதுதான் நடந்தது. பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துப் படிவ வேலையைச் சமாளித்தன. புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு 16,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன என்று லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறிய நிறுவனங்கள்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. உண்மையில் இந்தப் படிவங்களைக் கணினியில் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். விளையாட்டு தாமதத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதை முடிவில் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பிறப்பிட விதி

படிவத்தின் நான்காவது கேள்விதான் மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது. வரிவிலக்கு பெற வேண்டுமானால் அந்தக் கார் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ 'பிறந்ததாக' இருக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் காரில், மதிப்பில் 55 சதவீதமாவது இந்த இரண்டு பகுதிகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 10 சதவீதச் சுங்க வரி.

மின்சாரக் காரில் மிக விலை உயர்ந்த பாகம் பேட்டரி. அது ஆசியாவிலிருந்து வந்தால் 55 சதவீதத்தை எட்டுவது கடினம். அதனால் மின்சாரக் கார்களுக்குத் தளர்த்தப்பட்ட விதி கொடுக்கப்பட்டது. அது 2024இல் இறுக வேண்டியிருந்தது. இரு தரப்புக் கார் நிறுவனங்களும் முறையிட்டதால் 2026 இறுதிவரை தள்ளிப்போடப்பட்டது. பிரிட்டனில் பேட்டரித் தொழிற்சாலை கட்ட வேண்டும் என்ற அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஜாகுவார் லேண்ட்ரோவர் நிறுவனத்தின் உரிமையாளரான டாடா குழுமம், இங்கிலாந்தின் சாமர்செட்டில் 400 கோடி பவுண்டு முதலீட்டில் பேட்டரித் தொழிற்சாலை அமைப்பதாக 2023இல் அறிவித்தது.

இரண்டு ஊர்கள்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். என் அம்புக்குறி சரியா என்று பார்க்க இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டேன்.

முதல் ஊர் ஸ்விண்டன். அங்கே 54.7 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். ஹோண்டா தொழிற்சாலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. சுமார் 3,500 பேர் அங்கே வேலை செய்தார்கள். பார்த்தவுடன் என் அம்புக்குறி சரி என்றுதான் தோன்றும். ஆனால் 2019 பிப்ரவரியில் மூடல் முடிவை அறிவித்தபோது, காரணம் பிரெக்ஸிட் அல்ல என்று ஹோண்டா சொன்னது. உலகம் மின்சாரக் காருக்கு மாறுவதையே காரணமாகக் காட்டியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் அதே மாதம் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியக் கார்களுக்கான 10 சதவீத வரி படிப்படியாக நீங்கப்போகிறது என்றால், ஐரோப்பாவில் விற்பதற்காக ஐரோப்பாவிலேயே தயாரிக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. பிரெக்ஸிட் நடக்காவிட்டாலும் இந்த ஒப்பந்தம் வந்திருக்கும்.

இரண்டாவது ஊர் சண்டர்லேண்ட். கப்பல் கட்டிய ஊர், நிலக்கரி தோண்டிய ஊர். கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988இல் மூடப்பட்டது. வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. இடையில் 1986இல் நிஸான் கார் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையும் வாசல் என்பதால்தான் அந்த ஜப்பானிய நிறுவனம் அங்கே வந்தது. சுமார் 6,000 பேருக்கு நேரடி வேலை. 2016இல் அந்த ஊரில் 61 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள்.

ஆனால் அந்தத் தொழிற்சாலை மூடப்படவில்லை. 2019இல் எக்ஸ்-டிரெய்ல் என்ற புதிய காரை அங்கே தயாரிக்கும் திட்டத்தை நிஸான் கைவிட்டது. ஒப்பந்தமில்லாமல் வெளியேறி 10 சதவீத வரி வந்தால் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2020இல் நிறுவனத்தின் மூத்த அதிகாரி சொன்னார். வரியில்லா ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, 2021இல் மின்சாரக் காருக்கும் பேட்டரிக்குமாகச் சேர்த்து 100 கோடி பவுண்டுத் திட்டம் அங்கே அறிவிக்கப்பட்டது.

அதிகம் பேர் வெளியேற வாக்களித்த ஊரில் தொழிற்சாலை நிற்கிறது. குறைவாக வாக்களித்த ஊரில் மூடிவிட்டது. என் அம்புக்குறி இரண்டு ஊரிலும் அப்படியே பொருந்தவில்லை.

அப்படியானால் பாதிப்பே இல்லையா?

இங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது. ஒரு மாணவன் உடனே, "அப்போ பிரெக்ஸிட்டால ஒண்ணும் ஆகல, அப்படித்தானே டீச்சர்?" என்று கேட்டான். அதுவும் சரியல்ல.

பிரிட்டிஷ் கார் துறைக்கு 2015இல் அறிவிக்கப்பட்ட புதிய முதலீடு சுமார் 250 கோடி பவுண்டு. 2018இல் அது 60 கோடி பவுண்டுக்கும் கீழே போனது. அந்த ஆண்டில் விதிகள் எதுவும் மாறியிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். என்ன விதி வரும் என்று தெரியாததால், அடுத்த காருக்குப் பணம் போடத் தயங்கினார்கள். ஒரு காருக்கு இன்று போடும் முதலீடுதான் ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்து ஷிப்டில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

பிரிட்டனில் 2016இல் 17.2 லட்சம் கார்கள் தயாராயின. 2022இல் 7.75 லட்சம். இந்த வீழ்ச்சி முழுவதையும் பிரெக்ஸிட் கணக்கில் எழுதக் கூடாது. இடையில் டீசல் கார் விற்பனை சரிந்தது. கொரோனா வந்தது. சிப் தட்டுப்பாடு வந்தது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது, பக்கத்திலேயே இந்தக் காரணங்களையும் எழுதிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் ஒரு மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறது. ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட, நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது அது. 'நேற்றைவிட இன்று குறைவு' என்று இதற்குப் பொருள் இல்லை. 'இருந்திருக்கக்கூடியதைவிடக் குறைவு' என்றே பொருள். மூடிய தொழிற்சாலையின் வாசலில் நின்று படம் எடுக்கலாம். கட்டப்படாத தொழிற்சாலையை எப்படிப் படம் எடுப்பது? அங்கே வேலை கிடைத்திருக்க வேண்டியவருக்கே அது தெரியாது. மாணவர்களுக்கு இதை விளக்க எனக்கு முழுதாக ஒரு பாடவேளை தேவைப்பட்டது. அதற்குத் தகுந்த பாடம்தான்.

"தெரிஞ்சும் ஏன் அப்படி ஓட்டுப் போட்டாங்க?"

சண்டர்லேண்ட் கதையைச் சொன்னால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சில மாணவர்கள் சிரிப்பார்கள். அதை நான் அனுமதிப்பதில்லை. "அந்த ஊர்க்காரராக நீ எழுந்து பதில் சொல்" என்பேன்.

ஒரு மாணவன் இப்படிச் சொன்னான். "எங்க தாத்தா கப்பல் கட்டுனாரு. ஐரோப்பாவுல இருந்தப்பவே அத மூடிட்டாங்க. அப்போ யாரும் எங்களக் கேக்கல. இப்போ கேட்டாங்க, சொன்னோம்." வரலாற்றோடு ஒத்துப்போகிற பதில்தான் அது. குடியேற்றம் பற்றிய கவலை, நம் சட்டத்தை நாமே இயற்ற வேண்டும் என்ற எண்ணம், தலைநகர் லண்டன் மட்டும் வளர்கிறது என்ற மனக்குறை ஆகியவையும் அந்த வாக்குகளில் கலந்திருந்தன. வேலைக் கணக்கு மட்டும் பார்த்து மக்கள் வாக்களிப்பதில்லை.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் நாடு தனியாக வணிக ஒப்பந்தம் போட முடியாது. வெளியேறியதால்தான் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு பிரிட்டன் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடிந்தது. இந்திய ஆடைகளுக்கான பிரிட்டிஷ் வரியை நீக்குவதும் அதில் அடக்கம் என்பதால் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அதை வரவேற்றார்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தால் தன் பொருளாதாரத்துக்குக் கிடைக்கும் என்று பிரிட்டிஷ் அரசே மதிப்பிட்ட பலன் கால் சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சந்தையை இழந்ததைத் தூரத்துச் சந்தையால் எவ்வளவு ஈடுகட்ட முடியும் என்று மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செயல்பாடு 2: காரண அட்டவணை

இப்போது நான் அம்புக்குறி போடுவதில்லை. நான்கு கட்டங்கள் போடுகிறேன்.

1. என்ன காரணம் சொல்லப்படுகிறது?
2. அது எப்போது தொடங்கியது?
3. பிரெக்ஸிட் நடக்காவிட்டாலும் இது நடந்திருக்குமா?
4. இதை யார் சொன்னது? அவருக்கு இதில் லாபமோ நட்டமோ உண்டா?

ஸ்விண்டனுக்கு ஒரு குழு, சண்டர்லேண்டுக்கு ஒரு குழு. தகவல்களைத் துண்டுச்சீட்டுகளாக எழுதிக் கொடுத்துவிட்டால் 40 நிமிடத்தில் முடிக்கலாம். நான்காவது கட்டத்தில்தான் விவாதம் சூடாகும். "பிரெக்ஸிட் காரணம் இல்லை" என்று நிறுவனமே சொன்னால் அதை அப்படியே நம்பலாமா? அரசு சொன்னால்? எதிர்க்கட்சி சொன்னால்? தேர்வுக்கு இந்தக் கேள்வி வராது. ஆனால் செய்தித்தாள் படிக்கும் ஒவ்வொரு நாளும் வரும்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் மூடிய ஆலையோ, ஆட்குறைப்பு நடந்த கம்பெனியோ இருக்கும். அதை உதாரணமாக எடுக்குமுன், வகுப்பில் யார் வீடு அதனால் பாதிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை தானாகப் பேசினால் கேளுங்கள். வகுப்பின் முன் நிறுத்திப் பேச வைக்காதீர்கள்.

அந்த மாணவியிடம் நான் எதையும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்விண்டன் அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில், அப்பாவின் கம்பெனிக்கு ஒரு அட்டவணை போட்டிருந்தாள். 'ஆர்டர் குறைஞ்சது', 'புது மிஷின் வாங்கல', 'வேற ஊர்ல புது பிளாண்ட் போட்டாங்க' என்று மூன்று காரணங்கள். நான்காவது கட்டத்தில் மூன்றுக்கும் 'அப்பா சொன்னது' என்று எழுதி, கீழே 'மேனேஜர் என்ன சொன்னார்னு தெரியல' என்று சேர்த்திருந்தாள்.

"எங்க அப்பா, தான் சரியா வேலை பாக்காததாலதான் மூடிட்டாங்களோன்னு சொல்லிட்டே இருப்பாரு டீச்சர். அத நான் இதுல எழுதல. அவரு வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஆர்டர் குறைய ஆரம்பிச்சிருச்சு" என்றாள்.

இரண்டாவது கட்டத்தை அவள் சரியாக நிரப்பியிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வீட்டில் அப்பாவிடம் காட்டச் சொன்னேன்.